ஒன்பது கட்டத் தகடு

என்னைப் பற்றிப் பாடாங் செராயில் யாரிடம் கேட்டாலும் வாய்க்காரி என்றுதான் சொல்வார்கள். பொய்யில்லை. பாசாரில் மீன்காரன் எடைத்தட்டில் விரலை அழுத்தினால், அந்த விரலைப் பிடித்துக்கொண்டே ஊரைக் கூட்டியிருக்கிறேன். கையுறை பேக்டரியில் பதினெட்டு வருஷமாகத் தரம் பார்க்கும் வேலை. கையுறைக்குள் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, எந்த விரலில் ஊசிமுனை அளவு ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். உமாராணி கண்ணில் எதுவும் தப்பாது என்ற திமிர் எனக்கு உண்டு. அந்தப் புரட்டாசிச் சனிக்கிழமை வரைக்கும் இருந்தது.

என் தம்பி சுகுமாரன். எனக்கும் அவனுக்கும் பதினோரு வயசு வித்தியாசம். செமிலிங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது அப்பா போய்ச் சேர்ந்தார், இரண்டே வருஷத்தில் அம்மாவும் போனாள். அவனுக்கு அப்போது ஒன்பது வயசு. அன்றிலிருந்து அவனுக்கு நான்தான் எல்லாம். எனக்கும் அவன்தான் எல்லாம், அங்கேதான் வந்தது வினை.

பினாங்கில் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறான். என்னடா படிக்கிறாய் என்றால், "அணு க்கா" என்பான். அணுவில் என்ன என்றால், "சொன்னா ஒனக்குப் புரியாது லா" என்று போனைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விடுவான். இரண்டு வருஷமாக அவன் உருகிக்கொண்டே வந்தான். கன்னம் ஒட்டிவிட்டது. சோற்றைப் பிசைந்தபடி எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பான். என்ன ஆச்சு என்று கேட்டுக் கேட்டு என் வாய்தான் வலித்தது.

அந்த வாரம் வியாழக்கிழமை மாலையே வந்துவிட்டான். லேபில் மூன்று நாளைக்குக் கரண்டை நிறுத்தி மராமத்து செய்கிறார்களாம். வந்ததும் வராததுமாக ஒரு கட்டளை போட்டான்.

"அக்கா, சாமி மேடை கிட்ட போன் வெக்காத. அந்த ஸ்பீக்கர், பிரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்கியே லங்காவி மேக்னட்டு, அதெல்லாம் அந்தப் பக்கமே கொண்டு போவாத. சரியா?"

எனக்கு ஒரே சந்தோஷம். விபூதி பூசிக்கொள் என்றால் முறைக்கிறவன், சாமிக்கு மரியாதை பார்க்க ஆரம்பித்துவிட்டான் என்று நினைத்தேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் பக்தி ஓடிவிடுமோ என்று பயம்.

சனிக்கிழமை காலை முடிவெட்டிக்கொண்டு, கூலிமில் ஏதோ வாங்கி வருவதாகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினான். எனக்கு அன்று வேலை இல்லை. சாமி படங்களைத் துடைத்துச் சந்தனம் வைப்போம் என்று இறக்கினேன். லட்சுமி, பிள்ளையார், அம்மன் எல்லாம் இறங்கியாயிற்று. முருகன் படத்தைத் தூக்கினேன். பின்னால் சுவரோரமாக ஒரு டப்பா இருந்தது. மூக்குத்தி வாங்கினால் கொடுப்பார்களே, அந்த மாதிரி கண்ணாடி மூடி போட்ட சின்ன டப்பா.

திறந்தேன். பஞ்சுக்கு நடுவில் ஒரு செப்புத் தகடு. தபால்தலை அளவுதான் இருக்கும். முன்பக்கம் தங்க நிறத்தில் மின்னியது. திருப்பிப் பார்த்தேன். ஊசியால் கீறியது போல் ஒன்பது கட்டம். கட்டத்துக்கு ஒரு எண்.

முருகன் படத்தை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் நினைப்பீர்கள், யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பயந்துவிட்டாள் என்று. அப்படி இருந்தால் பரவாயில்லையே. இந்நேரம் தெருவில் நின்று நாலு வீட்டைத் திட்டித் தீர்த்திருப்பேன். எனக்கு வந்த பயம் வேறு. அது என்னுடைய தகடு என்று நினைத்தேன்.

ஆமாம், நான் வைத்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இவனுக்கு ஜெர்மனியில் இடம் கிடைத்தது. மூன்று வருஷம் அங்கேயே இருந்து படிக்க வேண்டும், எல்லாச் செலவும் அவர்களுடையது. அவன் குதித்துக்கொண்டு வந்து சொன்னான். நானும் சிரித்தேன், கேசரி கிண்டினேன். மறுநாள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிடாம் கிரிக்குப் போய் அம்மாசிப் பூசாரியைப் பார்த்தேன். "தம்பி எங்கியும் போவக் கூடாதுண்ணே, வீட்டோட இருக்கணும்" என்றேன். அவர் சின்னதாக ஒரு செப்புத் தகட்டில் ஒன்பது கட்டம் கீறி, எண் போட்டு, மறுபக்கம் தங்க முலாம் பூசி, பூஜை செய்து கொடுத்தார். வாசற்படிக்கு டைல்ஸ் ஒட்ட வந்த ஆள் சாப்பிடப் போன நேரத்தில், குழைத்த சிமெண்டைத் தள்ளி அதைப் படிக்குக் கீழே புதைத்தேன். மூன்றாவது வாரம், நான் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது, சுகுமாரன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றான். தகடு வேலை செய்துவிட்டது என்று நான் உள்ளுக்குள் கும்பிட்டேன். அதற்கப்புறம்தான் அவன் உருக ஆரம்பித்தான்.

இப்போது சொல்லுங்கள். சிமெண்டுக்கும் டைல்ஸுக்கும் கீழே கிடந்தது எப்படி எழுந்து வந்து முருகன் படத்துக்குப் பின்னால் உட்காரும்? வாசற்படியைப் போய்ப் பார்த்தேன். டைல்ஸில் ஒரு கீறல் இல்லை. அம்மாசிக்குப் போன் போட்டேன்.

"கட்டம் எத்தன?" என்றார்.

"ஒம்பதுண்ணே."

"எண்ணு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "பொதைச்சது தானா மேல வந்துச்சுன்னா, ஆளக் கேக்குதுன்னு அர்த்தம் ஆயி. ஒலை கொதிக்கிற நேரங்கூட வீட்ல வெக்காத. எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சு, உப்புப் போட்டு நல்லாத் தேயி. நெருப்புல காட்டு, நெறம் மாறணும். ஓடுற தண்ணியில வீசிட்டுத் திரும்பிப் பாக்காம வந்திரு. தம்பி கிட்ட மூச்சு விடாத."

அந்த எண்களை நிதானமாகப் படித்திருக்கலாம். படித்திருந்தால் ஒவ்வொன்றிலும் புள்ளி வைத்திருப்பதும், ஓரத்தில் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து இருப்பதும் கண்ணில் பட்டிருக்கும். உற்றுப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அன்றைக்கு உற்றுப் பார்க்கப் பயந்தேன்.

எலுமிச்சையைப் பிழிந்தேன். கல்லுப்பைப் போட்டுப் பாத்திரம் தேய்க்கிற நாரால் அழுத்தித் தேய்த்தேன். மூன்றே தேய்ப்பில் தங்க நிறம் போய்விட்டது. அம்மாசி முலாம்கூட ஏமாற்று முலாம்தான் பூசியிருக்கிறார் என்று அந்த நேரத்திலும் எனக்குக் கோபம் வந்தது. இடுக்கியில் பிடித்து கேஸ் அடுப்பில் காட்டினேன். முதலில் சிவந்தது, பிறகு மயில் கழுத்து நிறம் ஓடியது, கடைசியில் கறுத்தது. ஐந்து நிமிஷம் விடாமல் பிடித்தேன். "என் தம்பிய விட்டுரு, என்ன வேணா என்னைச் செய்" என்று அதனிடம் சொன்னேன். கண்ணீர் தாரை தாரையாக ஊற்றியது.

மோட்டாரை எடுத்துக்கொண்டு மூடா ஆற்றுப் பாலத்துக்குப் போனேன். மழை பெய்து ஆறு செம்மண் நிறத்தில் முட்டிக்கொண்டு ஓடியது. வீசினேன். திரும்பிப் பார்க்கவில்லை. வருகிற வழியில் இரண்டு வருஷத்துக்கப்புறம் என் நெஞ்சு லேசாக இருந்தது. வீட்டுக்கு வந்து அந்தக் காலி டப்பாவைக் குப்பையில் போட்டேன், படங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து எல்லாவற்றையும் மேடையில் ஏற்றினேன், தலைக்குக் குளித்தேன்.

மத்தியானம் சுகுமாரன் வந்தான். முடிவெட்டி, புதுச் சட்டை போட்டிருந்தான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பார்த்தாயா, பீடை இறங்கி ஓடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"மூசா பாய் கடையில முட்டை போடாம தனியாப் பெரட்டச் சொல்லி மீ வாங்கியாந்தேன். ஒனக்குப் புரட்டாசி இல்ல?" என்று நூடுல்ஸ் பொட்டலத்தை நீட்டினான். "சாப்பிட்டுக்கிட்டே கேளு. இன்னிக்கு ஒனக்கு எல்லாத்தயும் சொல்லப் போறேன்."

"என்னடா எல்லாத்தயும்?"

"நான் என்ன படிக்கிறேன்னு கேட்டுக்கிட்டே இருப்பியே, அது."

நான் சாப்பிட உட்கார்ந்தேன். அவன் ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துக் கவிழ்த்தான். டின்னிலிருந்து வறுத்த கடலையை எடுத்து அதன் மேல் இரண்டை வைத்தான்.

"இந்தத் தட்டு செம்புன்னு வெச்சுக்க. கடல கோபால்ட். அது காந்த சாதி. ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். இது ரெண்டும் ஒண்ண ஒண்ணு தொடல பாரு. ஆனா இது எந்தப் பக்கம் பாத்து நிக்குதுன்னு அதுக்குத் தெரியும்."

"தொடாம எப்படித் தெரியும்?"

"கீழ இருக்கிற செம்பு வழியா சேதி போவுது க்கா. அதான் அதிசயம். இவ்வளவு தூரத்துல இருந்தா ரெண்டும் ஒரே பக்கம் பாக்கும்." ஒரு கடலையை நகத்தால் கொஞ்சம் தள்ளினான். "இப்ப இது தெக்கப் பாத்தா அது வடக்கப் பாக்கும். இன்னும் கொஞ்சம் தள்ளு, திரும்ப ரெண்டும் ஒரே பக்கம். அதே அணுதான், அதே செம்புதான். தூரம் மட்டுந்தான் மாறுது."

சொல்லும்போது அவன் ஒன்பது வயசுப் பையனாக இருந்தான். எனக்கு எல்லாம் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இவ்வளவு நேரம் அவன் என்னிடம் பேசியே பல வருஷம் ஆகிறது. அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இத கண்ணால பாக்க முடியாது. அதுக்கு ஜெர்மனியில ஒரு மெஷின் இருக்கு. திங்கக்கிழமை ராத்திரி எனக்குப் பிளைட். பயப்படாத, ரெண்டே வாரந்தான். அளந்து எடுத்துட்டு வந்தா தீசிஸ் முடிஞ்சுது. சுங்கை பட்டாணி காலேஜ்ல லெக்சரர் வேலைக்கும் பேசியாச்சு. அப்புறம் தெனமும் வீட்டுச் சாப்பாடுதான். ஒனக்குத்தான் கஷ்டம்."

எனக்குப் பூரித்துப் போயிற்று. மூன்று வருஷம் இல்லை, இரண்டு வாரம். அப்புறம் வீட்டோடு இருப்பான். அம்மாசி கேட்டதைக் கொடுத்துவிட்டு நான் வேண்டியது இதுதானே.

"எதக் கொண்டு போயி அளப்ப?"

"நான் செஞ்சது ஒண்ணு இருக்கு. பதினாலு மாசம் க்கா. நாப்பது தடவ செஞ்சு முப்பத்தொம்பது கெட்டுப் போச்சு. இந்த ஒண்ணுதான் தேறுச்சு, அதோட எங்க லேப் மெஷினும் படுத்திருச்சு. சோறு தண்ணி எறங்கல எனக்கு. செம்புத் தகட்டுல கோபால்ட் அணுவத் தீவு தீவா ஒக்கார வெச்சு, காத்துப் படாம மேல தங்கம் பூசியிருக்கேன். ரொம்ப மெல்லிசு, விரல் பட்டாலே போச்சு. ஒம்பது எடம், ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு தூரம். எது எதுன்னு கொழம்பிரக் கூடாதுன்னு பின்பக்கம் ஒம்பது கட்டம் கீறி, அந்தத் தூரத்தையே நம்பராப் போட்டு, ஓரத்துல அளவு எழுதி வெச்சிருக்கேன்."

வாயில் இருந்த மீ உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அவன் எழுந்துவிட்டான்.

"இரு, காட்டுறேன். வீட்ல எங்க பாத்தாலும் மேக்னட்டு. டிவி, பிரிட்ஜ், ஒன்னோட போனு. சாமி மேடையில மட்டுந்தான் ஒண்ணும் இல்ல. அதான் முருகன் பின்னால வெச்சேன்." கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தான். "உண்மையச் சொன்னா பிரிட்ஜ் மேக்னட்டு அவ்வளவு பெருசா ஒண்ணும் பண்ணிராது. எனக்குத்தான் பயம். சாமி பாத்துக்கும்னு வெச்சேன்."

"தம்பி, ஒக்காருடா."

"ஒரு நிமிஷம் க்கா."

"டேய், அது அங்க இல்ல."

அவன் திரும்பிப் பார்த்தான். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, சிரிப்பு மெல்ல இறங்கியது. நான் சொன்னேன். எலுமிச்சை, உப்பு, நார், அடுப்பு, ஆறு. ஒவ்வொரு வார்த்தைக்கும் அவன் கண் ஒரு தடவை மூடித் திறந்தது. அடிப்பான், தட்டை வீசுவான் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எவ்வளவு நேரம் நெருப்புல காட்டுன?" என்று மட்டும் கேட்டான்.

"அஞ்சு நிமிஷம் இருக்கும். ஆத்துல எறங்கித் தேடலாம்டா, எனக்கு எடம் தெரியும். நான் எறங்குறேன்."

"வேணாம் க்கா. சூடு ஏறினா கோபால்ட் செம்புக்குள்ள எறங்கிரும். மேல நிக்காது. தகடு கெடச்சாலும் அதுல ஒண்ணும் இருக்காது."

நாற்காலியில் உட்கார்ந்தான். தட்டின் மேல் இருந்த இரண்டு கடலையையும் எடுத்து டின்னில் போட்டான். என்னைப் பார்க்காமலே கேட்டான்.

"ஒம்பது கட்டம் போட்ட தகட்டப் பாத்தா எரிச்சு ஆத்துல போடணும்னு ஒனக்கு எப்படித் தெரியும்? யாரு வெச்சதுன்னு நெனச்ச?"

எழுந்து போய் ஸ்டோரிலிருந்து சுத்தியலை எடுத்து வந்தேன். வாசற்படியில் உட்கார்ந்து அடித்தேன். டைல்ஸ் தெறித்து என் முழங்கையில் கிழித்தது. சிமெண்டு பெயர்ந்து வந்தது. கீழே, நான் வைத்த இடத்தில், வைத்தபடியே அது கிடந்தது. பச்சை பூத்திருந்தது. இரண்டு வருஷமாக அது ஒரு நூல்கூட நகரவில்லை.

சுகுமாரன் குனிந்து எடுத்தான். சட்டையில் துடைத்தான், அந்தப் புதுச் சட்டையில். எண்களைப் படித்தான்.

"எந்தப் பக்கம் கூட்டினாலும் பதினஞ்சு. ஸ்கூல் பையன் போடுற கணக்கு. இது எதுக்கு?"

"நீ ஜெர்மனிக்குப் போவக் கூடாதுன்னு."

அவன் முகத்தை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. அம்மா சவப்பெட்டியில் கிடந்த அன்றுகூட இப்படி இல்லை.

"இதுனாலதான் நான் போவலன்னு நெனச்சுக்கிட்டியா?"

"எடத்த வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்கன்னு நீதானடா சொன்ன?"

"யாரும் குடுக்கல. நான்தான் வேணாம்னு எழுதினேன். அந்த மாசம் ஒனக்கு ஆபரேஷன். நீ மயக்கத்துல கெடந்தப்ப ஆஸ்பத்திரி பெஞ்சில ஒக்காந்து எழுதினேன். ஒன்ன விட்டுட்டுப் போவ மனசு வரல. சொன்னா நீ வருத்தப்படுவியேன்னு பொய் சொன்னேன்." தகட்டைப் படியின் ஓரத்தில் வைத்தான். "போவாதடான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதுமே க்கா. இத எதுக்குப் பொதச்ச?"

உடைந்த படியில் சுத்தியலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு யோகேஸ்வரி கேட்டுக்கு வெளியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னா உமா, ரெனவேசனா?" என்றாள். "ஆமா லா" என்றேன்.

சாயங்காலம், முன்பு அவனுக்கு இடம் கொடுத்த ஜெர்மனிப் பேராசிரியரோடு கம்ப்யூட்டரில் பேசினான். கதவு திறந்துதான் இருந்தது. சாம்பிள் வீட்டில் நடந்த ஒரு விபத்தில் போய்விட்டது என்றான். என் பேரைச் சொல்லவில்லை. பேசி முடித்து வந்து சமையற்கட்டு நிலையில் சாய்ந்து நின்றான்.

"இங்க திரும்பச் செய்ய முடியாது. மெஷின் இல்ல. அங்கயே வந்து முதல்லருந்து செய்யச் சொல்றாரு. அந்தப் பழைய எடத்தயே தர்றாராம்."

"எத்தன நாளைக்கு?"

"மூணு வருஷம்."

அடுப்பில் அவனுக்குப் பிடித்த ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. அதே அடுப்பு. போகாதே என்று அப்போது சொல்லியிருக்கலாம். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? ரசத்தை இறக்கி வைத்துவிட்டு, "குளிரும், ஸ்வெட்டர் வாங்கணும்" என்றேன்.

திங்கட்கிழமை மாலை பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தான். இரண்டு வாரத்துக்கு என்று எடுத்து வைத்த பெட்டிதான், மற்றதை அப்புறம் அனுப்பச் சொன்னான். வாசலில் படி இருந்த இடத்தில் பள்ளம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதைத் தாண்டினான். காரில் ஏறப் போனவன் நின்றான். என் கையில் இருந்த போனைப் பார்த்தான், பிறகு உள்ளே சாமி மேடைப் பக்கம் பார்த்தான்.

"அக்கா, இனிமே போன எங்க வேணாலும் வெச்சுக்க," என்றான்.